யாருடைய விரலை முதலில் கேட்டார்கள்?

"கைநாட்டு" என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். எங்கள் அம்மம்மா, அப்பப்பா காலத்து ஆட்கள் அதை இரண்டு விதமாகச் சொல்வார்கள். பெயர் எழுதத் தெரியாதவர் காணி உறுதியில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை மையில் தோய்த்து வைப்பது கைநாட்டு. பள்ளிக்கூடப் பக்கம் போகாத ஒருவரைக் கேலி செய்வதற்கும் அதே சொல்தான்: "அவன் சரியான கைநாட்டு!"

இன்றைக்கு அந்தக் கேலிக்கு அர்த்தமே இல்லை. பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவரும் விசாவுக்கு விரல் வைக்கிறார், விமான நிலையத்தில் விரல் வைக்கிறார், போனைத் திறக்கவும் விரல் வைக்கிறார். சில நாடுகளில் தெருவில் நிற்கும் பொலிஸ்காரர் கையில் சின்ன ஸ்கானர் இருக்கிறது. விரலை வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் "இவர் இன்னார்" என்று அது சொல்லிவிடும்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் "லண்டன், ஸ்கொட்லாண்ட் யார்ட்" என்பார்கள். உண்மையில் கதை தொடங்குவது வங்காளத்தில். அது பிறகு தென்னாபிரிக்காவுக்குப் போகிறது, மதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கும் போகிறது. இரண்டு இடத்திலும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

இரண்டு வேறு கேள்விகள்

கதைக்குப் போக முன்னர் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம். விரல் ரேகையிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்.

முதல் கேள்வி: "நீ சொல்கிற ஆள்தானா நீ?" உங்கள் போன் கேட்பது இதைத்தான். உங்கள் ரேகை ஏற்கெனவே அதில் இருக்கிறது. வைத்த விரலும் அதுவும் ஒன்றா என்று மட்டும் பார்க்கும். ஒன்றை ஒன்றோடு ஒப்பிடுவது.

இரண்டாவது கேள்வி: "நீ யார்?" இதற்கு உங்கள் ரேகையை இலட்சக்கணக்கான ரேகைகளோடு ஒப்பிட வேண்டும். அதற்கு முதலில் யாரோ ஒருவர் இலட்சக்கணக்கான மனிதர்களின் ரேகையைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

முதல் கேள்விக்கு ஒரு பெருவிரல் போதும். இரண்டாவது கேள்விக்குப் பத்து விரலும் ஒரு பெரிய பதிவேடும் தேவை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்திருங்கள். 1906இல் ஜோகன்னஸ்பேர்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் கிளர்ந்து எழுந்தபோது இந்த வித்தியாசமும் விவாதத்துக்கு வந்தது.

ஒரு ஒப்பந்தமும் ஒரு முழு உள்ளங்கையும்

1858ஆம் ஆண்டு. முந்தின வருடம்தான் வட இந்தியாவில் பெரிய கிளர்ச்சி வெடித்திருந்தது. வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்ற இடத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற 25 வயது ஆங்கில அதிகாரி இருந்தார். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வானியலாளர் ஹெர்ஷலின் பேரன் இவர்.

ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர் ஒப்பந்தக்காரர் வீதி போடுவதற்கான பொருள் கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டார். எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும்தானே? ஹெர்ஷலுக்குப் பயம். நாளைக்கு இந்த ஆள் "இது என் கையெழுத்தே இல்லை" என்று சொல்லிவிட்டால்? ஆகவே கோனாயின் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்து ஒப்பந்தத்தாளின் பின்பக்கம் பதித்தார்.

அப்போது அது விஞ்ஞானம் இல்லை. ஒரு மிரட்டல்தான். கோனாய் பின்வாங்கக் கூடாது என்று பயப்படுத்துவதே நோக்கம் என்று ஹெர்ஷலே பிறகு எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கைப்பதிவு அவரை விடவில்லை. நண்பர்கள், உறவினர்கள், தன்னுடைய கை என்று வருடக்கணக்காக ரேகைகளைச் சேர்த்தார். அதே ஆளிடம் பல வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் ரேகை மாறவில்லை.

1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் அதிகாரியாக இருந்தபோது அதை வேலைக்குக் கொண்டுவந்தார். ஓய்வூதியம் வாங்குபவர் இறந்த பிறகும் இன்னொருவர் அவர் பெயரில் வந்து பணம் வாங்குவதைத் தடுக்க விரலடையாளம். காணி உறுதியில் ஆள்மாறாட்டம் நடக்காமல் இருக்க விரலடையாளம். தண்டனை பெற்றவர் தனக்குப் பதிலாக இன்னொருவரைச் சிறைக்கு அனுப்பாமல் இருக்கவும் விரலடையாளம். எல்லாமே முதல் கேள்விதான்: "நீ சொல்கிற ஆள்தானா நீ?"

இன்னொரு பக்கத்தில், டோக்கியோவில் ஹென்றி ஃபோல்ட்ஸ் என்ற ஸ்கொட்லாந்து மிஷனரி மருத்துவர், பழைய மண்பாண்டங்களில் குயவரின் விரல் பதிந்திருப்பதைக் கவனித்தார். குற்றம் நடந்த இடத்தில் கிடக்கும் விரல் பதிவை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று 1880 ஒக்டோபரில் நேச்சர் சஞ்சிகைக்கு எழுதினார். அடுத்த மாதமே ஹெர்ஷல் அதே சஞ்சிகையில், தான் இதை 20 வருடத்துக்கு மேலாகச் செய்து வருவதாக எழுதினார். யார் முதலில் என்ற சண்டை இரண்டு பேரின் வாழ்நாள் முழுவதும் ஓடியது. கோனாயின் பெயரை அந்தச் சண்டையில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

ரேகையில் இனம் இல்லை

அடுத்து வந்தவர் பிரான்சிஸ் கோல்டன். சார்ள்ஸ் டார்வினின் உறவினர். மனிதரைப் பரம்பரையால் உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பிரிக்கலாம் என்ற கொள்கையை உருவாக்கியவரும் இவர்தான். 1892இல் விரல் ரேகைகள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இரண்டு விரல்கள் ஒரே மாதிரி அமைவதற்கான வாய்ப்பு 6,400 கோடியில் ஒன்று என்று கணக்குப் போட்டார்.

அவருக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. ரேகையைப் பார்த்து ஒருவரின் இனத்தையும் குணத்தையும் சொல்ல முடியும் என்று நம்பினார். வெவ்வேறு மக்களின் ரேகைகளை எடுத்துப் பரிசோதித்தார். அவர் தேடியது கிடைக்கவில்லை.

தாயின் வயிற்றில் கிட்டத்தட்ட பத்தாவது கிழமையிலிருந்து இந்த வரிகள் உருவாகத் தொடங்குகின்றன. மரபணு மட்டுமல்ல, கருவில் விரல் வளர்ந்த வேகம், அழுத்தம், அசைவு எல்லாம் சேர்ந்து வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் ஒரே மாதிரி இரட்டைப் பிள்ளைகளுக்குக் கூட ரேகை வேறு வேறாக இருக்கிறது. ரேகையைப் பார்த்து ஆள் யார் என்று சொல்லலாம், அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்று சொல்ல முடியாது. இந்த உண்மையை 1892இலேயே கண்டுவிட்டார்கள். ஆனால் ஆட்சியாளர்கள் அதை மறந்து நடந்த இடங்கள் இனி வருகின்றன.

கல்கத்தாவின் 1,024 பெட்டிகள்

ரேகை மாறாது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு பெரிய சிக்கல். பத்தாயிரம் பேரின் ரேகைத் தாள்கள் அலுமாரியில் இருந்தால், புதிதாகப் பிடிபட்டவரின் தாளை எதோடு ஒப்பிடுவது? ஒவ்வொன்றாகப் பார்த்தால் நாட்கணக்கில் ஆகும். கணினி இல்லாத காலம்.

அப்போது உலகம் முழுவதும் பொலிசார் பயன்படுத்திய முறை பிரான்ஸ் நாட்டு அல்போன்ஸ் பெர்த்தியோனுடையது. தலையின் நீளம், கையின் நீளம், பாதத்தின் நீளம் என்று 11 அளவுகள் எடுப்பார்கள். அளப்பவர் கொஞ்சம் பிசகினாலும் ஆளே மாறிவிடும்.

வங்காளப் பொலிஸ் தலைவராக இருந்தவர் எட்வர்ட் ஹென்றி. அவருக்குக் கீழே இரண்டு உதவி அதிகாரிகள்: அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ். ஹக் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர். வழியைக் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு இவர்களுடையது.

அவர்கள் செய்தது எளிமையானது, ஆனால் கெட்டித்தனமானது. பத்து விரலையும் ஐந்து சோடியாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு விரலிலும் சுழி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தார்கள். ஒரு சோடிக்கு நான்கு விதம் சாத்தியம். ஐந்து சோடிக்கு 4 × 4 × 4 × 4 × 4, அதாவது 1,024. ஆகவே 32 வரிசை, 32 நிரல், மொத்தம் 1,024 சிறு பெட்டிகள் கொண்ட ஓர் அலுமாரி. பத்து விரலையும் பார்த்து ஒரு கணக்குப் போட்டால் எந்தப் பெட்டியில் தேட வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். இன்றைக்குக் கணினி படிக்கிறவர்களுக்கு இது புரியும். ஒவ்வொரு விரலுக்கும் ஆம் அல்லது இல்லை. பத்து விரலும் பத்து பிட்.

1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் தொடங்கியது. உலகத்தின் முதல் பணியகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1901இல் ஹென்றி லண்டனுக்குப் போய் ஸ்கொட்லாண்ட் யார்டில் அதே முறையைத் தொடங்கினார். முறைக்குப் பெயர் "ஹென்றி முறை". ஹக்குக்கும் போஸுக்கும் மிகவும் பிந்தித்தான் அரசாங்கம் பட்டமும் பணமும் கொடுத்தது. பிரித்தானிய விரலடையாள நிபுணர்களின் சங்கம் அவர்கள் இருவர் பெயரிலும் ஒரு பரிசை ஏற்படுத்தியது இன்னும் பிந்தி.

இந்த அலுமாரியோடு இரண்டாவது கேள்வி சாத்தியமாகிவிட்டது: "நீ யார்?" பெயரே சொல்லாத ஒருவரின் விரலை எடுத்து, அவர் பெயரை அலுமாரியிடம் கேட்கலாம்.

பிடித்துக் கொடுத்த விரல், காப்பாற்றிய விரல்

இது கெட்ட கண்டுபிடிப்பு என்று நான் சொல்ல வரவில்லை. நியாயமாகவும் சொல்ல வேண்டும்.

1892இல் ஆர்ஜென்டினாவில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். தாய், அயலில் இருந்த ஓர் ஆணைக் காட்டினார். பொலிஸ் அவரைப் பிடித்து வதைத்தது, ஆனால் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. லா பிளாட்டா நகரப் பொலிசில் ஹுவான் வுசெட்டிச் என்பவர் கோல்டனின் எழுத்துகளைப் படித்துத் தனக்கென ஒரு ரேகை முறையை உருவாக்கியிருந்தார். அவரிடம் பழகிய ஓர் அதிகாரி அந்த வீட்டுக் கதவில் இரத்தக் கறை படிந்த விரல் பதிவைக் கண்டு, அந்தத் துண்டை வெட்டி எடுத்துவந்தார். அது தாயுடைய விரல். அவர் ஒப்புக்கொண்டார். ரேகை இல்லாவிட்டால் அந்த அயலவரின் கதி என்னவாகியிருக்கும்?

1898இல் வங்காளத்தில் ஜல்பைகுரித் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவரின் கொலை வழக்கு. அவருடைய பஞ்சாங்கத்தில் இருந்த பெருவிரல் கறை, முன்பு களவுக்காகத் தண்டனை பெற்ற ஒருவரின் ரேகையோடு பொருந்தியது. நீதிமன்றம் எவ்வளவு கவனமாக இருந்தது பாருங்கள்: களவுக்கு மட்டும் தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்கவில்லை. விரல் அங்கே பட்டது என்பதற்கு ரேகை சாட்சி. அந்த விரல் கொன்றது என்பதற்குச் சாட்சி இல்லை.

ஏழு வருடம் கழித்து, 1905இல், லண்டன் டெப்ட்ஃபோர்டில் ஒரு கடைக்கார முதியவரும் மனைவியும் கொல்லப்பட்டார்கள். காசுப் பெட்டியில் ஒரு பெருவிரல் பதிவு இருந்தது. ஸ்ட்ராட்டன் சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரேயொரு விரல் பதிவை இவ்வளவு தூரம் நம்பலாமா என்று கேட்டவர்களில் ஒருவர், இதையெல்லாம் முதலில் யோசித்த அதே ஹென்றி ஃபோல்ட்ஸ்.

ஜோகன்னஸ்பேர்க்: குற்றம் செய்யாதவரின் பத்து விரல்

இப்போது தென்னாபிரிக்கா. 1900இல் எட்வர்ட் ஹென்றி அங்கேயும் போய்ப் பொலிஸ் அமைப்பில் வேலை செய்திருந்தார். 1906இல் ட்ரான்ஸ்வால் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 8 வயதுக்கு மேற்பட்ட இந்தியர், சீனர் எல்லாரும் பதிவு செய்ய வேண்டும். பெரியவர்கள் பத்து விரலும் வைக்க வேண்டும். அந்தச் சான்றிதழை எப்போதும் வைத்திருந்து, பொலிஸ் கேட்கும் இடத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அபராதம், சிறை, நாடுகடத்தல்.

1906 செப்டெம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பேர்க் எம்பயர் தியேட்டரில் பெரும் கூட்டம் கூடியது. இந்தச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று எழுந்து நின்று சத்தியம் செய்தார்கள். காந்தியின் சத்தியாக்கிரகம் தொடங்கியது அங்கேதான். அதாவது உலகம் முழுவதும் பேசப்படும் அகிம்சைப் போராட்டத்தின் முதல் காரணங்களில் ஒன்று விரலடையாளம்.

காந்தி, ஹென்றியின் புத்தகத்தைப் படித்திருந்தார். பத்து விரல் பதிவு குற்றவாளிகளுக்காக ஏற்பட்டது என்று அதிலிருந்து விளங்கிக்கொண்டார். இந்தியர் தரப்பு வாதங்களில் ஒன்று இதுதான்: தன் பெயரை மறைக்காத ஒருவர் தானேதான் என்று காட்டப் பெருவிரல் போதும். பத்து விரலையும் கேட்பது, பெயரை மறைக்கும் குற்றவாளியைத் தேடுவதற்கு. எங்களை ஏன் அந்த அலுமாரியில் வைக்கிறீர்கள்? நான் மேலே சொன்ன இரண்டு கேள்விகளின் வித்தியாசம் இதுதான்.

இந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்களில் தமிழர் அதிகம். தம்பி நாயுடுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தது மொரிசியஸில். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். எங்களைப் போல இரண்டாம் தலைமுறை! திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1908 ஜனவரியில் காந்தியும் ஜெனரல் ஸ்மட்ஸும் ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள்: இந்தியர் தாங்களாக விரும்பிப் பதிந்தால் சட்டம் நீக்கப்படும் என்று காந்தி விளங்கிக்கொண்டார். எதிர்த்துப் போராடச் சொன்னவரே இப்போது விரல் வைக்கச் சொல்கிறாரா என்று கோபம் எழுந்தது. பெப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மீர் ஆலம் என்பவரும் கூட்டாளிகளும் காந்தியை அடித்து வீழ்த்தினார்கள். கூடப் போன தம்பி நாயுடுவுக்கும் அடி. காந்தி படுக்கையில் இருந்தபடியே விரல் பதிவு கொடுத்தார்.

சட்டம் நீக்கப்படவில்லை. அதே வருடம் ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதிக்கு முன்னால் ஒரு பெரிய பாத்திரத்தில் 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களைப் போட்டு எரித்தார்கள். போராட்டம் பிறகு வரி, திருமணச் சட்டம் என்று விரிந்தது. தில்லையாடி வள்ளியம்மை என்று நாங்கள் சொல்லும் சிறுமி, ஜோகன்னஸ்பேர்க்கில் பிறந்தவர், அதே போராட்டத்தில் சிறை சென்று 1914இல் 16 வயதில் இறந்தார்.

பெருங்காமநல்லூர்: ரேகைச் சட்டம்

மதுரைக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு சட்டத்தை மக்கள் அதன் ஆங்கிலப் பெயரால் சொல்வதில்லை. "ரேகைச் சட்டம்" என்கிறார்கள். அரசாங்கம் வைத்த பெயர் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது.

ஒருவர் என்ன செய்தார் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்று மட்டும் கேட்டது. அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர்கள் பொலிஸ் பதிவேட்டில் விரல் ரேகை வைக்க வேண்டும். இரவில் எங்கே இருக்கிறார்கள் என்று கணக்குக் கொடுக்க வேண்டும். வேறு ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். களவு என்றால் என்னவென்றே தெரியாத விவசாயியும் அந்தப் பதிவேட்டில் ஒரு குற்றவாளி.

பிறமலைக் கள்ளர் சமூகம் அப்படி அறிவிக்கப்பட்டது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பதிவு எடுக்கப் பொலிசார் வந்தார்கள். ஊர் மறுத்தது. பொலிஸ் சுட்டது. 16 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் என்று அந்த ஊர் இன்றும் நினைவுகூர்கிறது. சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது 1947இல்தான்.

ஹக்கும் போஸும் கல்கத்தாவில் போட்ட கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஆனால் யாருடைய தாளை அந்த அலுமாரியில் வைப்பது என்று முடிவு செய்தவர்கள், முழு ஊரையே உள்ளே வைத்தார்கள். ரேகையில் குணம் இல்லை என்று கோல்டன் கண்டு 28 வருடம் கழிந்திருந்தது.

அலுமாரி பொக்கெற்றுக்குள் வந்தது

பிறகு அலுமாரிகள் பெருத்தன. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 1924இல் தேசிய அளவில் ரேகைகளைச் சேர்க்கத் தொடங்கியது. 1999இல் அவர்களின் முழுத் தேடலும் கணினிக்கு மாறியது.

கணினி உங்கள் ரேகையைப் படமாக ஒப்பிடுவதில்லை. வரி எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் கோணத்தையும் எண்களாக மாற்றும். பிறகு எண்ணோடு எண் ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடும். குறிப்பிட்ட அளவுக்கு மேலே வந்தால் "பொருந்துகிறது". அந்த அளவு எதுவென்று தீர்மானிப்பவர் மனிதர்.

2003 ஜனவரியில் ஐரோப்பாவில் யூரோடக் தொடங்கியது. தஞ்சம் கேட்டு வரும் 14 வயதுக்கு மேற்பட்டவரின் பத்து விரலும் அதில் போகும். நோக்கம், ஒருவர் முதலில் எந்த நாட்டுக்குள் வந்தார் என்று கண்டுபிடித்து அங்கேயே திருப்பி அனுப்புவது. இது குடிவரவுக்கான பதிவேடு, குற்றத்துக்கானது அல்ல. ஆனால் 2015இலிருந்து, நிபந்தனைகளோடு, பொலிசாரும் அதில் தேடலாம். 2024இல் நிறைவேறிய புதிய சட்டம் வயதை 6 ஆகக் குறைக்கிறது. ட்ரான்ஸ்வாலில் அது 8. எங்களில் எத்தனை பேருடைய அப்பாவோ மாமாவோ வந்து இறங்கிய முதல் கிழமையில் இப்படி விரல் வைத்திருப்பார்கள்! அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்கு அந்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கும்.

2018இல் இங்கிலாந்தின் வெஸ்ட் யோர்க்‌ஷயர் பொலிசார் போனோடு இணையும் சிறு ஸ்கானர்கள் சுமார் 250ஐக் கையில் எடுத்தார்கள். தெருவில் வைத்தே இரண்டு பதிவேடுகளில் தேடலாம். ஒன்று குற்றப் பதிவேடு. மற்றது குடிவரவுப் பதிவேடு. இதில் நன்மை உண்டு. மயங்கிக் கிடப்பவர் யார் என்று தெரியும். பெயரை நிரூபிக்க அடையாள அட்டை இல்லாதவரைப் பொலிஸ் நிலையத்துக்கு இழுத்துப் போகத் தேவையில்லை. ஆனால் இரண்டாவது பதிவேட்டை யோசித்துப் பாருங்கள். அதில் இருப்பவர்கள் யார்? விசா கேட்டவர்கள், தஞ்சம் கேட்டவர்கள். இங்கே பரம்பரையாக இருப்பவரின் விரல் அதில் இல்லை. இனவாதத்துக்கு எதிராக இயங்கும் அமைப்புகள் கேட்ட கேள்வியும் அதுதான்: தெருவில் நிறுத்தப்படுகிறவர்களில் கறுப்பினத்தவரும் ஆசியரும் ஏற்கெனவே அதிகம் என்றால், ஸ்கானர் அதைக் குறைக்குமா, கூட்டுமா?

பொருந்துகிறது என்று சொன்னது யார்?

2004 மார்ச்சில் மட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரு பையில் கிடைத்த தெளிவில்லாத விரல் பதிவை எஃப்.பி.ஐ. கணினியில் போட்டபோது, அது ஓரளவு ஒத்துப்போகும் 20 பேரின் பட்டியலைக் கொடுத்தது. அதில் ஒருவர் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர், இஸ்லாத்தைத் தழுவியவர். பல நிபுணர்கள் பார்த்து "இவர்தான்" என்றார்கள். ஸ்பெயின் பொலிஸ் சந்தேகம் தெரிவித்த பிறகும் அவரைக் கைது செய்து இரண்டு கிழமை அடைத்து வைத்தார்கள். பிறகு ஸ்பெயின் அந்த விரலுக்கு உரிய வேறொருவரைக் கண்டுபிடித்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. அமெரிக்க அரசாங்கம் 20 இலட்சம் டொலர் நட்டஈடு கொடுத்தது.

பதிவேடு பெரிதாகப் பெரிதாக, தற்செயலாக ஒத்துப்போகும் ஆட்களும் அதில் கூடுவார்கள். கணினி தந்தது பட்டியல். "இவர்தான்" என்ற தீர்ப்பு மனிதருடையது.

ஒரு 11 வயதுப் பையன்

2001இல் இங்கிலாந்தில் 11 வயதுப் பையன் ஒருவன் கொள்ளை முயற்சிக் குற்றச்சாட்டில் கைதானான். நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. ஆனால் அவனுடைய விரலடையாளத்தையும் மரபணு மாதிரியையும் அழிக்கப் பொலிஸ் மறுத்தது. வழக்கில் அவன் பெயர் "எஸ்" மட்டும். அவனும், அவனைப் போலவே தண்டனை இல்லாமல் வெளியே வந்த இன்னொருவரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2008 டிசெம்பர் 4 அன்று 17 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: குற்றவாளி அல்லாத ஒருவரின் அடையாளத்தைக் கால வரையறை இல்லாமல் வைத்திருப்பது அவருடைய தனிவாழ்க்கை உரிமையை மீறுகிறது. அதற்குப் பிறகு 2012இல் இங்கிலாந்தும் வேல்ஸும் சட்டத்தை மாற்ற வேண்டி வந்தது.

ஜோகன்னஸ்பேர்க்கில் சான்றிதழை எரித்தவர்கள் கேட்டதும், பெருங்காமநல்லூர் கேட்டதும், இந்தப் பையன் கேட்டதும் ஏறக்குறைய ஒன்றுதான். குற்றம் செய்யாத என்னுடைய விரல் ஏன் உங்கள் குற்ற அலுமாரியில்? மூன்று இடத்திலும் ஸ்கானரையோ மையையோ யாரும் பிழை சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் யாராவது விரல் கேட்டால், பதற வேண்டாம், சண்டை பிடிக்கவும் வேண்டாம். மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சட்டப்படி கேட்கிறீர்கள்? எந்தப் பதிவேட்டில் தேடுகிறீர்கள்? பார்த்து முடிந்த பிறகு இது எங்கே போகும், எவ்வளவு காலம் இருக்கும்? இங்கிலாந்துச் சட்டப்படி, சம்மதம் இல்லாமல் தெருவில் ரேகை எடுக்க, நீங்கள் ஒரு குற்றம் செய்திருக்கலாம் என்ற நியாயமான சந்தேகமும் வேண்டும், உங்கள் பெயர் தெரியாமலோ நீங்கள் சொன்ன பெயரில் சந்தேகமோ இருக்கவும் வேண்டும். ஒன்று மட்டும் போதாது. நீங்கள் வாழும் நாட்டில் சட்டம் வேறாக இருக்கும். அதைத் தேடிப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் அப்பா அம்மாவுக்கும் தமிழில் சொல்லிக் கொடுங்கள்.

ராஜ்யதர் கோனாயிடம் உள்ளங்கையைக் கேட்டபோது இந்த மூன்று கேள்வியையும் கேட்கும் வசதி அவருக்கு இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கிறது.